சென்னையில காலைப் பலகாரம்: எந்தக் கடை, எத்தனை மணி, என்ன சாப்பிடணும்?

சென்னைக்கு வர்றவங்க கேக்கற முதல் கேள்வியே "காலையில எங்க சாப்பிடலாம்?"ங்கறதுதான். இணையத்துல தேடினா கடைப் பேரு வரிசையா வந்து விழும். அதுல நிறைய நல்ல கடைங்கதான். ஆனா அந்தப் பட்டியலைக் கையில வச்சுக்கிட்டு 10.30 மணிக்குப் போய்ப் பொங்கல் கேட்டீங்கன்னா, அடிச்சட்டியில இறுகிப்போனது கிடைக்கும், இல்ல "முடிஞ்சிடுச்சு சார்"ங்கற பதில் கிடைக்கும். இந்த ஊர்ல கடையைவிட மணி முக்கியம். இன்னொண்ணு, ஒரு கடையிலயே உக்காந்து எல்லாத்தையும் சாப்பிட்டுடாதீங்க. ஒரு கடை, ஒரு பலகாரம். இந்த ரெண்டையும் வச்சுக்கிட்டு, விடியற்காலையில ஆரம்பிச்சு 11 மணி வரைக்கும் போவோம்.

மணி ஏன் முக்கியம்னு முதல்ல சொல்லிடறேன். இட்லி மாவை முந்தின நாளே அரைச்சு வச்சிடறாங்க. ராத்திரி முழுக்க அதுல நுண்ணுயிரிங்க வேலை செய்யுது. அதுங்க விடற வாயுதான் மாவைப் பொங்க வைக்குது, அதுங்க உண்டாக்கற அமிலம்தான் புளிப்பைக் கொடுக்குது. சென்னை மாதிரி சூடும் ஈரக்காத்தும் உள்ள கடற்கரை ஊர்ல இது வேகமா நடக்கும். அதனால காலையில இறக்கற முதல் சில ஈடு இட்லிக்குத் தனி லேசு, தனி மணம். நேரம் ஆக ஆக மாவு புளிச்சுக்கிட்டே போகும், உள்ள இருக்கற காத்தும் அடங்கும். அந்த மாவுல இட்லியைவிட தோசை நல்லா வரும். பொங்கல் வேற கதை. அரிசியும் பயத்தம்பருப்பும் குழைஞ்சு, நெய் இளகி இருக்கும்போதுதான் அது பொங்கல். ஆறினா கட்டி. ஆக, இட்லி பொங்கல் சீக்கிரம், தோசை கொஞ்சம் கழிச்சு.

விடியற்காலை 5 மணி. இந்த நேரத்துக்கு முழிச்சிருந்தீங்கன்னா வடசென்னைக்குப் போங்க. காசிமேடு மீன்பிடித் துறைமுகம். படகு வந்து, ஏலம் போட்டு, கூடை கூடையா மீன் ஏறிக்கிட்டு இருக்கும். ஞாயித்துக்கிழமைன்னா கூட்டம் நெரியும். மீன் வாங்கலேன்னாலும் பரவாயில்ல, வேலை பாக்கறவங்களுக்கு வழிவிட்டு ஓரமா நின்னு பாருங்க. ஒரு எச்சரிக்கை: கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுங்களுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த ரெண்டு மாசம் இங்க வழக்கமான பரபரப்பு இருக்காது.

காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் தெருமுனையில இட்லிக் கடை போட்டிருப்பாங்க. பெரும்பாலும் பெண்கள் நடத்தறது. பேரு பலகை கிடையாது; யாரைக் கேட்டாலும் "அந்த அக்கா கடை"ன்னு கை காட்டுவாங்க. இங்க இட்லிக்குத் தேங்காய்ச் சட்னியைத் தேடாதீங்க. மீன் குழம்பு இருக்கான்னு கேளுங்க. முந்தின நாள் வச்ச குழம்புன்னா இன்னும் விசேஷம், புளியும் காரமும் மீனுக்குள்ள இறங்கியிருக்கும். என்னைக் கேட்டா, கடற்கரை ஊரோட காலைச் சாப்பாடுன்னா இதுதான் முதல்ல வரணும். சென்னையைப் பத்தின பட்டியல்ல எல்லாம் இது இல்லாம போறது எனக்கு வருத்தம்.

7 மணிக்கு மயிலாப்பூர். கச்சேரி ரோட்டுலேர்ந்து பிரியற ஒரு சந்துல ராயர் மெஸ். 1940கள்லேர்ந்து இருக்கற கடை. உள்ள ரொம்பச் சின்ன இடம், கொஞ்ச பேர்தான் உக்கார முடியும். மத்தவங்க வெளிய நிப்பாங்க. காலையில இட்லி, பொங்கல், வடை, காபி, அவ்வளவுதான் பட்டியல். இங்க நீங்க சாப்பிட வேண்டியது பொங்கல். அதுக்குத் தொட்டுக்க கெட்டிச் சட்னின்னு ஒண்ணு வைப்பாங்க. பச்சை மிளகாய் தூக்கலா, தண்ணி விடாம அரைச்சது. பொங்கல்ல மிளகு, சீரகம், நெய் எல்லாம் ஒரு அடங்கின சுவை; அது மேல இந்தப் பச்சைக் காரம் பட்டதும்தான் ரெண்டும் எழும்பும். சாம்பாரை ஊத்திக் குழப்பிடாதீங்க. முதல் பாதியைச் சட்னியோட மட்டும் சாப்பிட்டுப் பாருங்க.

உக்காந்த பிறகு ரொம்ப நேரம் இடத்தைப் பிடிச்சுக்காதீங்க. வெளிய காத்திருக்கறவங்கள்ல பல பேர் அந்தத் தெருக்காரங்க, தினம் வர்றவங்க. இடம் கிடைக்கலேன்னா கபாலீஸ்வரர் கோயில் பக்கம் நடங்க. பொன்னம்பல வாத்தியார் தெருவுல ஜன்னல் கடை இருக்கு. பேருக்கேத்த மாதிரி ஒரு வீட்டு ஜன்னல் வழியாத்தான் தட்டு வரும், தெருவுல நின்னுதான் சாப்பிடணும். ஒரு பழைய குடியிருப்புத் தெரு காலையில எப்படி இயங்குதுன்னு பாக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

அடுத்தது நான் நின்னு பேச வேண்டிய கடை. 8, 8.30 மணிக்கு திருவல்லிக்கேணி ஹைரோடு, ரத்னா கஃபே. மயிலாப்பூர்லேர்ந்து பறக்கும் ரயில்ல வந்துடலாம். திருமயிலை நிலையத்துல ஏறினா மூணாவது நிறுத்தம் திருவல்லிக்கேணி.

ரத்னா கஃபே 1948ல ஆரம்பிச்சது. இந்த ஊரோட சாம்பார் இட்லிக்கு அடையாளமா நிக்கற இந்தக் கடையை ஆரம்பிச்சது வட இந்தியாவிலேர்ந்து வந்த ஒரு குடும்பம். வந்த ஊரோட சாப்பாட்டைக் கத்துக்கிட்டு, அதை இந்த ஊர்க்காரங்களே தேடி வர்ற மாதிரி செஞ்சு காட்டினாங்க. சுத்தி இருக்கற இடத்தையும் கணக்குல எடுத்துக்கணும். திருவல்லிக்கேணின்னா மேன்ஷன். வெளியூர்லேர்ந்து வேலை தேடி, படிப்புக்கு, சினிமாவுக்குன்னு வந்த பையன்கள் தலைமுறை தலைமுறையா தங்கின அறைங்க. அந்த அறையில அடுப்பு கிடையாது. காலையில அவங்களுக்கு வேண்டியது குறைஞ்ச காசுல வயித்தை நிரப்பற, சூடான, சீக்கிரம் கிடைக்கற ஒண்ணு. ரெண்டு இட்லியை ஒரு ஏனத்துல போட்டு, அது மூழ்கற அளவுக்கு சாம்பாரை ஊத்திக் கொடுத்தா அந்த மூணும் நடந்துடுது.

சாப்பிடற விதம்னு ஒண்ணு இருக்கு. தட்டு வந்ததும் இட்லியைப் பிசைஞ்சுடாதீங்க. ஒரு நிமிஷம் ஊற விடுங்க. ஓரத்துலேர்ந்து கரண்டியால வெட்டி எடுங்க. வெளிப்பக்கம் சாம்பார்ல கரையணும், நடுப்பக்கம் இன்னும் இட்லியா இருக்கணும். சாம்பார் தீர்ந்தா கேளுங்க, மறுபடி ஊத்துவாங்க. இங்க சாம்பார் தொட்டுக்கறதுக்கான பொருள் இல்ல, அதுதான் சாப்பாடு. பக்கத்து மேசையில ஏனத்தைத் தூக்கிக் குடிக்கறவரைப் பாப்பீங்க, நீங்களும் தாராளமா குடிக்கலாம். சட்னி இந்த ஒரு தடவை வேண்டாம்.

ரத்னா கஃபே மட்டும் இல்ல, இந்த ஊரோட காலைப் பலகாரக் கடைகள்ல பலது வெளியிலேர்ந்து வந்தவங்க போட்டதுதான். உட்லண்ட்ஸ் ஓட்டல்களை நடத்தின கிருஷ்ணா ராவ் உடுப்பிப் பக்கத்துக்காரர். சரவண பவனை 1981ல கே.கே. நகர்ல ஆரம்பிச்சவர் தூத்துக்குடி மாவட்டத்துலேர்ந்து வந்தவர். முருகன் இட்லிக் கடை மதுரையிலேர்ந்து வந்தது. துறைமுகத்தாலயும் உத்தியோகத்தாலயும் வளர்ந்த ஊரு இது. வந்தவங்களுக்குச் சோறு போடவும் வந்தவங்களே வேண்டியிருந்தது.

ஆனா சென்னையே கண்டுபிடிச்சதுன்னு ஒண்ணு உண்டு. 9 மணிக்கு சைதாப்பேட்டை, மாரி ஓட்டல், வடகறி. மெட்ரோவுல சைதாப்பேட்டை நிலையத்துல இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்லுவாங்க. வடகறி மிஞ்சின பருப்பு வடையிலேர்ந்து பிறந்ததுன்னு சொல்லுவாங்க. இன்னிக்கு அதுக்குன்னே கடலைப்பருப்பை சோம்பு, மிளகாயோட கொரகொரன்னு அரைச்சு, வேக வச்சோ பொரிச்சோ உதிர்த்து, பட்டை கிராம்பு தாளிச்ச வெங்காயம் தக்காளி மசாலாவுல போட்டுக் கொதிக்க விடறாங்க. பருப்பு குழம்பைக் குடிச்சு ஊதி, கறி மாதிரி பல்லுக்குத் தட்டுப்படும். இதுக்கு இட்லியைவிட செட் தோசைதான் பொருத்தம். பஞ்சு மாதிரி இருக்கற தோசை மசாலாவை இழுத்துக்கும். மாவும் இந்த நேரத்துக்குத் தோசைப் பதத்துக்கு வந்திருக்கும்.

கையில காசு குறைவா இருந்தா அம்மா உணவகம் போங்க, தயங்கவே வேண்டாம். சென்னை மாநகராட்சி 2013 பிப்ரவரியில ஆரம்பிச்சபோது இட்லி 1 ரூபாய்னு விலை வச்சாங்க. மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கறாங்க. ஆட்டோ ஓட்டறவர், கட்டட வேலைக்குப் போறவர், ஆஸ்பத்திரியில நோயாளிக்குத் துணைக்கு இருக்கறவர் எல்லாரும் ஒரே வரிசையில நிப்பாங்க. வயிறார ஒரு காலைச் சாப்பாடு எல்லாருக்கும் எட்டணும்னு ஒரு ஊரு முடிவு பண்ணினா அது இப்படித்தான் இருக்கும்.

அசைவம் வேணும்னா திருவல்லிக்கேணி, பெரியமேடு பக்கம் முஸ்லிம் ஓட்டல்கள்ல ஆட்டுக்கால் பாயா. ஆப்பத்தோடயோ இடியாப்பத்தோடயோ சாப்பிடுங்க. ஞாயித்துக்கிழமைன்னா சீக்கிரமே போயிடுங்க.

இப்ப ப்ரஞ்ச். நட்சத்திர ஓட்டல்கள்ல ஞாயித்துக்கிழமை பஃபே போடறாங்க. எம்.ஆர்.சி. நகர் லீலா பேலஸ்ல கடல் தெரியும், ஓட்டல் வேண்டாம்னா ஒயிட்ஸ் ரோடு அமேதிஸ்ட் கஃபேயில மரநிழல் உண்டு. பிறந்தநாள், கல்யாண நாள், நாலு மணி நேரம் உக்காந்து பேசணும்னா போங்க. சாப்பாட்டுக்காக மட்டும்னா நான் அனுப்ப மாட்டேன். அதே சாப்பாடு எந்தப் பெரிய ஊர்லயும் கிடைக்கும்.

காலையும் மதியமும் சேர்ந்த சாப்பாடு இந்த ஊருக்குப் புதுசே இல்ல. பழைய மதராஸ்ல ஆபீஸ் போற பல வீடுகள்ல காலையில காபி மட்டும்தான். 9, 9.30க்கு சாம்பார், ரசம், மோரோட முழுச் சாப்பாடு சாப்பிட்டுட்டுத்தான் கிளம்புவாங்க. டிபன் மத்தியானத்துக்கு. சாவகாசமா உக்காந்து பேசற இடமும் இருந்தது. கதீட்ரல் ரோட்டுல 1962லேர்ந்து 2008 வரைக்கும் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். மரத்தடியில காரை நிறுத்தினா கார்க் கதவுலயே தட்டை மாட்டிட்டுப் போவாங்க. அந்த இடம்தான் இப்ப செம்மொழிப் பூங்கா. உட்லண்ட்ஸ் ருசி வேணும்னா ராதாகிருஷ்ணன் சாலையில நியூ உட்லண்ட்ஸ் இருக்கு. காலை அவசரம் ஓய்ஞ்ச பிறகு போய் ஒரு நெய் ரோஸ்ட்டும் காபியும் சொல்லுங்க.

ஆனா 11 மணிக்கு, வெயில் ஏறின பிறகு, இந்த ஊரு நிஜமா சாப்பிடறது கேப்பங்கூழ். கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைச்சுப் புளிக்க வச்சு, அரிசி நொய் வெந்ததும் அதுல ஊத்திக் கிண்டி, ராத்திரி முழுக்க ஆற விட்டு, காலையில மோர் விட்டுக் கரைக்கறாங்க. மேல சின்ன வெங்காயம். தொட்டுக்க மோர் மிளகாய், கொத்தவரங்காய் வத்தல், மாங்காய், வறுத்த கருவாடு. சாலையோரத் தள்ளுவண்டியில எவர்சில்வர் பானை வச்சு விப்பாங்க. விடிகாலையிலேர்ந்து உழைச்சவங்க ஒரு சொம்பு குடிச்சுட்டு சாயங்காலம் வரைக்கும் தாங்குவாங்க. ஆடி மாசம் அம்மன் கோயில்கள்ல ஊத்தறதும் இதே கூழ்தான். கேழ்வரகுல சுண்ணாம்புச் சத்து அதிகம், மோர் உடம்பைக் குளிர வைக்கும், கருவாட்டு உப்பு வேர்வையில போனதை ஈடு கட்டும். சித்திரை வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு எந்தப் பஃபேயிலயும் எனக்குத் தெரிஞ்சு இல்ல. வயிறு கொஞ்சம் மென்மைன்னா, மோர்ல கலக்கறது கேன் தண்ணியான்னு கேட்டுக்கோங்க. கேக்கறதுல தப்பில்ல.

இதெல்லாத்தையும் ஒரே நாள்ல முடிக்கப் பாக்காதீங்க. ஒரு காலையில ரெண்டு இடம் போதும். முதல் நாள் காசிமேடும் ராயபுரமும், மறுநாள் மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும், இன்னொரு நாள் சைதாப்பேட்டையும் கூழ் வண்டியும்னு பிரிச்சுக்கோங்க. முடிஞ்சா வார நாள்ல போங்க, ஞாயித்துக்கிழமை எல்லாக் கடையிலயும் வரிசைதான்.

கடைசியா ஒரு வேண்டுகோள். இட்லி அக்கா கடையிலயும் கூழ் வண்டியிலயும் பேரம் பேசாதீங்க, சில்லறையா எடுத்துட்டுப் போங்க. வீடியோ எடுக்கணும்னா முன்னாடியே ஒரு வார்த்தை கேளுங்க. வேண்டாம்னு சொன்னா விட்டுடுங்க. வரிசையில உங்களுக்குப் பின்னாடி நிக்கறவங்களுக்கு வேலைக்கு நேரமாகுது.