மனனமும் ஞாபகமும்



தவணைப் பரீட்சை முடிந்த அன்று என் இளைய மகள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். ஒரு வாரமாகப் பாடமாக்கிய ஆங்கிலக் கட்டுரை, முதல் வரியோடு மறந்து போயிற்றாம். "ஒழுங்காகப் பாடமாக்கியிருந்தால் மறக்குமா?" என்று கடிந்து கொண்டேன்.

"வாப்பா, நான் மெமரைஸ் பண்ணினதுதான். ரிமெம்பர் பண்ணத்தான் ஏலாமப் போச்சு" என்றாள்.

அரபுக் கல்லூரியில் இலக்கண நூல்களை மனனம் செய்தே வளர்ந்தவன் நான். ஆயினும் அந்தப் பதில் என்னை வாயடைக்கச் செய்தது. அன்றிரவு அகராதியை எடுத்துப் பார்த்தேன்.

'மெமரைஸ்' என்பது நாம் முயன்று செய்யும் வேலை. ஒன்றை உள்ளத்தில் பதிய வைப்பதை அது குறிக்கும். 'ரிமெம்பர்' என்பது பதிந்தது வேண்டிய நேரத்தில் நினைவில் இருப்பது, அல்லது நினைவுக்கு வருவது. முன்னது விதைத்தல் என்றால் பின்னது அறுவடை. விதைத்தவர் எல்லோருக்கும் விளைச்சல் கிடைத்துவிடுவதில்லை. அதற்காக அவர் விதைக்கவேயில்லை என்று சொல்லலாமா? நான் மகளிடம் அதைத்தான் சொல்லியிருந்தேன்.

இச்சொல்லுக்கு ஒரு வரலாறும் உண்டு. ஆங்கிலத்தில் இது முதலில், எழுதி வைத்து நினைவில் நிலைக்கச் செய்வதையே குறித்தது. மனனம் செய்தல் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவலாயிற்று. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே வழங்கிவரும் தொடர் 'பை ஹார்ட்' என்பதாகும். நம் பிள்ளைகள் "பைஹார்ட் பண்ணினேன்" என்கிறார்கள். அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் "ஐ பைஹார்ட்டட் இட்" என்று எழுதிவிடுகிறார்கள். பொது ஆங்கிலத்தில் 'பை ஹார்ட்' தனி வினைச்சொல் அல்ல. "ஐ லேர்ன்ட் இட் பை ஹார்ட்" அல்லது "ஐ மெமரைஸ்ட் இட்" என்று எழுதுவதே முறை. பொருள் விளங்காமல் கிளிப்பிள்ளை போல் நெட்டுருப் போடுவதற்கு 'லேர்ன் பை ரோட்' என்று வேறொரு தொடர் இருக்கிறது.

ஆங்கிலேயர் இதயத்தால் கற்கின்றனர். சிங்களச் சகோதரர்கள் 'கட்டபாடம்' என்பர். 'கட்ட' என்றால் வாய். தமிழில் நாம் மனப்பாடம் என்கிறோம். அரபியிலோ 'அன் ழஹ்ரி கல்ப்' என்ற வழக்கில் இதயம் வருகிறது. ஆனால் மனனத்துக்குரிய அரபு வினைச்சொல்லான 'ஹபிழ'வுக்குப் பாதுகாத்தல் என்பதே அடிப்படைப் பொருள். ஹாபிழ் என்றால் பாதுகாப்பவர். மனனம் செய்த அன்றோடு அவர் வேலை முடிவதில்லை. அன்றுதான் காவல் ஆரம்பமாகிறது.

குர்ஆனை மனனம் செய்தவரை, ஒட்டகத்தைக் கட்டி வைத்திருப்பவருக்கு நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டார்கள். கவனித்து வந்தால் அது நிற்கும், விட்டுவிட்டால் போய்விடும். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்த ஹதீஸ் பதிவாகியுள்ளது. 1885இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து மறதியை அளந்து ஒரு நூல் வெளியிட்டார். புதிதாகக் கற்றதில் பெரும்பகுதி விரைவிலேயே மறந்து போவதையும், இடைவெளி விட்டு மீட்டினால் நிலைப்பதையும் அவர் கண்டார்.

சகோதரிகளே! பிள்ளை மறந்து விட்டால், "நீ படிக்கவில்லை" என்று உடனே தீர்ப்புச் சொல்லி விடாதீர்கள். பாடத்தின் பொருளை முதலில் விளங்க வையுங்கள். கொப்பியை மூடி வைத்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதை விட இதுவே அதிகம் பயன் தரும். தடுக்கும் இடத்தில் மட்டும் எடுத்துக் கொடுங்கள். மறுநாளும், சில நாட்கள் கழித்தும் மீண்டும் கேளுங்கள். இதற்கு நீங்கள் ஆங்கிலம் கற்றிருக்க வேண்டுமென்பதில்லை. சோறு ஆக்கிக்கொண்டே காது கொடுத்தால் போதும்.

மறுநாள் ஸுப்ஹுக்குப் பின் மகளை அழைத்து, "வாப்பா சொன்னது பிழை மகள்" என்றேன். பின் இருவரும் அந்தக் கட்டுரையை முதல் வரியிலிருந்து ஆரம்பித்தோம். இரண்டாம் வரியில் அவள் நின்றாள். நான் ஏசவில்லை, காத்திருந்தேன். சற்று நேரத்தில் மூன்றாம் வரியும் வந்தது.