இராஜபாளையம் நாயும் ஊர்மரபும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் தமிழர் காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் நாய் வளர்த்தனர். அந்நாய்களுக்கு ஊர்ப்பெயர் எதுவும் அமையவில்லை. தமிழகத்தின் விருதுநகர் மாவட்டத்து இராஜபாளையத்தில் அதே பணிகளுக்கென வளர்க்கப்பட்ட நாய்க்கோ ஊர்ப்பெயரே இனப்பெயராயிற்று.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தபின்னும், மாந்தோப்புகளுக்கும் வீடுகளுக்கும் காவலாக இந்நாய் நிலைத்தது. 2005இல் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நான்கு நாயினத் தபால்தலைகளுள் இதற்கும் ஒன்று உண்டு. எனினும் ஊர்ப்பெருமைக்கு உரியதானது, என் கருத்தில், ஆற்றலைவிட நிறமே. பால்வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய குட்டிகளே விரும்பப்பட்டன, நிறமுள்ளவை ஒதுக்கப்பட்டன.

இங்குதான் இடர் தோன்றுகின்றது. நிறமி உயிரணுக்கள் தோலுக்கு நிறமூட்டுவதோடு உட்செவியின் இயக்கத்திற்கும் இன்றியமையாதவை. அவை அங்கு இல்லையெனில், பிறந்த சில வாரங்களிலேயே ஒலியுணரும் மயிரணுக்கள் அழிந்துவிடுகின்றன. இவ்வினத்தில் செவிட்டுத்தன்மை காணப்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். காவல் நாய்க்குச் செவியன்றோ முதற் கருவி! ஊர் போற்றிய அழகு, ஊர் எதிர்பார்த்த பணிக்கே ஊறு செய்தது.

இத்தகைய தேர்வு, நன்றாயினும் தீதாயினும், தலைமுறைதோறும் ஓரிடத்தில் வேரூன்றியவர்க்கே இயலும். தோட்டத்து லயமோ நிருவாகத்தின் உடைமை; வேலை நீங்கினால் வீடும் நீங்கும். 1990களில் சிரம்பான், நீலாய்ப் பகுதித் தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறியபோது, பலர் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தனர். அங்கு நாய்க்கு இடமில்லை.