பழைய டயருக்கும் ஒரு நம்பர்!

நம்ம காரியாபட்டி வழியா தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீங்க. ஏற்றுமதியோ இறக்குமதியோ, ஒவ்வொரு சரக்குக்கும் சுங்கத்துறையில் ஒரு நம்பர் உண்டு. சிவகாசிப் பட்டாசுக்கு 3604, தீப்பெட்டிக்கு 3605.

டயருக்கோ மூன்று நம்பர்!
புது டயர் – 4011
ரீட்ரெடிங் செய்தது, இன்னும் ஓடக்கூடிய பழசு – 4012
ஓட லாயக்கில்லாத கழிவு – 4004

எதற்கு இந்தப் பிரிவு? கழிவு டயரைச் சூடாக்கி எண்ணெய் எடுப்பாங்க. சரியாகச் செய்யாவிட்டால் நச்சுப்புகையும் கரித்தூளும் ஊரைக் கெடுக்கும். அதனால் எண்ணெய் எடுப்பதற்காகக் கழிவு டயர் இறக்குமதி செய்ய 2022-ல் இந்தியா தடை போட்டது. கழிவையே "ஓடக்கூடிய பழசு"ன்னு நம்பரை மாத்தி எழுதிட்டா? குப்பை உள்ளே வந்துடும்!

கணக்குப் பரீட்சையில மட்டுமில்ல, துறைமுகத்திலயும் ஒரு நம்பர் தப்பினா நஷ்டம் நமக்குத்தான்!