எத்தனை செய்தோம்? எங்கே வைத்தோம்?

1937ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு பெரிய வேட்டை நடந்தது. தேடப்பட்டவன் கொலைகாரனும் அல்லன், கொள்ளைக்காரனும் அல்லன். தேடப்பட்டது ஒரு மருந்து!

தொண்டை நோய்க்கு சல்பனிலமைடு என்னும் மருந்து அப்போது நல்ல பயன் அளித்து வந்தது. அது தூளாகவும் மாத்திரையாகவும் கிடைத்தது. அதைக் குடிக்கும் மருந்தாகச் செய்ய விரும்பியது டென்னசி மாநிலத்து மருந்து நிறுவனம் ஒன்று. டை எத்திலீன் கிளைக்கால் என்ற நீர்மத்தில் அது நன்றாகக் கரைந்தது. ராஸ்பெரிப் பழத்தின் சுவையும் சேர்த்தார்கள். நிறம், மணம், சுவை ஆகியவற்றைப் பார்த்தார்கள். நச்சுத்தன்மை உண்டா என்று மட்டும் பார்க்கவில்லை. அவ்வாறு சோதிக்க வேண்டும் என்று அன்றைய சட்டமும் கூறவில்லை. டை எத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. 15 மாநிலங்களில் 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் குழந்தைகள்.

அந்நாட்டின் உணவு மருந்து நிர்வாகத்தில் அன்று ஆய்வாளர்களும் வேதியியலாருமாக 239 பேர் இருந்தனர். ஏறக்குறைய அனைவரும் தேடுதலில் இறங்கினர். அனுப்புகைப் பதிவுகளையும் விற்பனைச் சீட்டுகளையும் புரட்டி, ஊர் ஊராகச் சென்று புட்டிகளைக் கைப்பற்றினர். தயாரான மருந்து 240 காலன். அதாவது சுமார் 908 லிட்டர். அதில் 234 காலனுக்குச் சற்று அதிகமாகவே மீட்டுவிட்டனர். எஞ்சிய 6 காலனுக்கும் குறைவான மருந்துதான் அத்தனை உயிர்களைக் குடித்தது.

இங்கே ஒரு கேள்வி. தேடுதல் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? 240 என்ற எண் கையில் இருந்ததால்தான்! அந்த எண் இல்லையென்றால், எத்தனை புட்டி கிடைத்தாலும், “இன்னும் ஒன்று எங்கேனும் இருக்குமோ?” என்ற அச்சம் தீராது. கழித்தல் கணக்குப் போட முதலில் மொத்தம் தெரிய வேண்டும் அல்லவா?

பொருளின் பிறப்புப் பதிவு

குழந்தை பிறந்ததும் பிறப்பைப் பதிவு செய்கிறோம். தொழிற்சாலையில் உருவாகும் பொருளுக்கும் அப்படி ஒரு பதிவு உண்டு. உற்பத்திக் கூடத்திலிருந்து கிடங்கின் வாயிலைத் தாண்டும் நேரத்தில் அது எழுதப்படுகிறது. முன்பு பேரேட்டில் எழுதினார்கள். இன்று கிடங்கு மேலாண்மை மென்பொருள் உள்ள கணிப்பொறி அதைச் செய்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு மருந்தாலையில் 500 மில்லிகிராம் பாரசிட்டமால் மாத்திரை ஒரு லட்சம் செய்ய ஆணை பிறக்கிறது. அதற்கு 50 கிலோ பாரசிட்டமால் வேண்டும். ஒரே முறையில் கலந்து செய்யும் இந்த ஒரு லட்சத்துக்கும் ஒரே தொகுதி எண். வேலை முடிந்ததும் 98,400 நல்ல மாத்திரைகள் கிடைக்கின்றன. 1,600 மாத்திரைகள் உடைந்தும் சோதனைக்கு எடுக்கப்பட்டும் போயின. அட்டைக்குப் பத்தாக 9,840 அட்டைகள். பெட்டிக்கு 240 அட்டைகளாக 41 பெட்டிகள்.

ஒவ்வொரு பெட்டியிலும் பட்டைக் குறியீடு ஒட்டுவார்கள். அதில் அந்தப் பெட்டிக்கே உரிய வரிசை எண் அடங்கியிருக்கும். கிடங்கு ஊழியர் ஒளி வருடியை அதன்மீது காட்டுகிறார். பொருள், தொகுதி எண், அளவு, நேரம், வைக்கும் இடம் யாவும் பதிவாகின்றன. ஒரே பெட்டியைத் தவறி இரண்டு முறை காட்டினால் கணிப்பொறி ஏற்க மறுக்கிறது.

பெட்டி கிடங்கில் இருந்தாலும் உடனே வெளியே போக முடியாது. கணிப்பொறியில் அதன் நிலை “சோதனையில்” என்று இருக்கும். ஆய்வுக்கூடம் ஒப்புதல் தந்த பிறகே பூட்டு திறக்கும். பின்னர், எது முதலில் காலாவதியாகுமோ அதையே முதலில் அனுப்பச் சொல்லும்.

கணக்கு காட்டிக்கொடுக்கும்

மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 98,400க்குப் பதில் 95,000 என்று பதிவானால் என்ன ஆகும்? 3,400 மாத்திரைகளைக் காணோம்! எண்ணியதில் பிழையா? மருந்து குறைவாகப் போடப்பட்டதா? யாரேனும் எடுத்துவிட்டார்களா? அல்லது அவை அடுத்த தொகுதியோடு கலந்துவிட்டனவா? விடை கிடைக்கும்வரை அத்தொகுதியை நகர்த்தக் கூடாது. உள்ளே போனதும் வெளியே வந்ததும் சமமாக வேண்டும். வேதியியலில் நீங்கள் படித்த பொருண்மை அழியா விதிதான் இது!

சில மென்பொருள்கள், முடிந்த மாத்திரைகளின் எண்ணிக்கையைப் பதிந்ததுமே அதற்கேற்ற மூலப்பொருளைத் தாமாகவே கணக்கிலிருந்து கழித்துவிடும். இது வசதிதான். ஆனால் இது சூத்திரப்படி செய்யும் கழித்தல். உண்மையில் எவ்வளவு செலவாயிற்று என்பது கணிப்பொறிக்குத் தெரியாது. தராசில் எடைபோட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

“பிறகு எழுதலாம்” என்றால்?

இன்று தயாரானதை நாளைக் காலையில் பதியலாம் என்று விட்டால் என்ன கெடும்? ஒரு தொகுதி மாத்திரைக்கும் அடுத்த தொகுதி மாத்திரைக்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. இரவில் பெட்டிகள் இடம் மாறினால், காலையில் எழுதுவது பதிவு அன்று, ஊகம். ஊகமும் கணிப்பொறித் திரையில் உண்மையைப் போலவே அழகாகத் தெரியும்! ஆகவே பொருள் நகரும்போதே பதிவும் நகர வேண்டும்.

இதெல்லாம் பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் குழந்தைகள் பலர் சிறுநீரகம் பழுதாகி இறந்தனர். அவர்கள் குடித்த இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதன் ஒரு தொகுதியைத் தமிழ்நாட்டு ஆய்வுக்கூடம் சோதித்தபோது 48 விழுக்காட்டுக்கும் மேல் டை எத்திலீன் கிளைக்கால் இருந்தது. 88 ஆண்டுகளுக்கு முன் கொன்ற அதே நஞ்சு! பதிவேடு நஞ்சை நல்ல மருந்தாக மாற்றாது. அதற்குச் சோதனை வேண்டும். ஆனால் தீங்கு நேர்ந்துவிட்டால் எந்தத் தொகுதியைத் தேடுவது, எத்தனை புட்டிகளைத் தேடுவது, எப்போது தேடி முடிந்தது என்பதைச் சொல்லக்கூடியது பதிவேடு மட்டுமே.

உங்கள் வீட்டிலுள்ள மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துப் பாருங்கள். தொகுதி எண், தயாரித்த மாதம், காலாவதி மாதம் மூன்றும் அச்சிட்டிருக்கும். அடுத்த முறை மருந்து வாங்கும்போது, அந்த எண் உள்ள பகுதியைக் கிழித்துவிடாமல் கடைசி மாத்திரைவரை வைத்திருங்கள். கிடங்கு வாயிலில் தொடங்கிய பதிவு உங்கள் கையில்தான் முடிகிறது.