நெடுந்தூரம் ஓடிய டீசல் எஞ்சினும் வால்வு இடைவெளியும்

பார வாகனமொன்றின் எஞ்சின் பல இலட்சம் கிலோமீற்றர் உழைத்த பின்னரும் செம்மையாக இயங்குமா என்பதை நிர்ணயிக்கும் காரணிகளுள் ஒன்று, ஒரு மில்லிமீற்றரிலும் குறைந்த ஓர் இடைவெளியாகும். தொழிலாளர் வழக்கில் 'டப்பட் இடைவெளி' எனப்படும் இது, வால்வுத் தண்டின் முனைக்கும் அதனை அழுத்தும் றொக்கர் புயத்துக்கும் இடையே விடப்படுவது. இவ்விடைவெளி மிகுந்தால் தட்டும் ஓசை எழும். ஓசை கேட்டால் சாரதி கவலையுறுவார். ஓசை அடங்கினால் எஞ்சின் நலமடைந்துவிட்டதென ஆறுதல் கொள்வார். இவ்வாறுதல் எவ்வளவு தூரம் பொருத்தமானது என்பதையே ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

எடுத்துக்காட்டாகக் கம்மின்ஸ் நிறுவனத்தின் 6 பி.ரி. எஞ்சினைக் கொள்வோம். 5.9 இலீற்றர் கொள்ளளவும் ஆறு சிலிண்டர்களும் பன்னிரண்டு வால்வுகளும் உடைய இது, அமெரிக்காவில் 1989ஆம் ஆண்டு மாதிரி முதல் டொட்ஜ் றாம் வாகனங்களிற் பொருத்தப்பட்டது. டாட்டா - கம்மின்ஸ் கூட்டு நிறுவனத்தின் வாயிலாக இந்தியாவிலும் உற்பத்தியாகி டாட்டா லொறிகளில் இடம்பெற்றது.

இடைவெளி ஏன் வேண்டும்?

கேம் தண்டு சுழலும்போது டப்பட்டும் அதன்மேல் நிற்கும் தள்ளுகோலும் உயர்கின்றன. தள்ளுகோல் றொக்கர் புயத்தின் ஒரு முனையை உயர்த்த, மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கின்றது. கேமின் உயர்பகுதி கடந்ததும் வில் வால்வை அதன் ஆசனத்தில் மீண்டும் அமர்த்துகின்றது.

வெப்பமடையும் உலோகம் நீளும் என்பது யாவரும் அறிந்ததே. உருக்கின் நீட்டல் விரிவுத்திறன் ஒரு பாகை சதமத்துக்கு ஏறத்தாழ 0.000012 ஆகும். எனவே 100 மி.மீ. நீளமான ஓர் உருக்குத் தண்டின் சராசரி வெப்பநிலை 300 பாகை உயருமாயின், அது 0.36 மி.மீ. நீளும். சிலிண்டர்த் தலையும் உடன் விரிவதால் இந்நீட்சியில் ஒரு பகுதி ஈடுசெய்யப்படும். எனினும் எஞ்சியதற்கு இடம் விட்டேயாக வேண்டும். உள்ளெடுத்தல் வால்வைப் புதிய காற்று குளிர்விக்கின்றது. வெளியேற்றல் வால்வோ தகன வாயுவினூடே வேலை செய்கின்றது. இது பற்றியே இவ்வெஞ்சினில், குளிர்ந்த நிலையில், முன்னையதற்கு 0.25 மி.மீ. உம் பின்னையதற்கு 0.51 மி.மீ. உம் விதிக்கப்பட்டுள்ளன.

தேய்மானத்தின் இரு திசைகள்

நான்கடிப்பு எஞ்சினில் கிறாங்குத் தண்டு இருமுறை சுழல ஒவ்வொரு வால்வும் ஒரு முறை திறக்கும். நிமிடத்துக்கு 1500 சுழற்சி எனக் கொண்டால் ஒரு மணித்தியாலத்தில் 45,000 முறை. சராசரியாக மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் 3 இலட்சம் கி.மீ. ஓடிய எஞ்சின் 7500 மணித்தியாலம் உழைத்திருக்கும். அக்காலத்தில் ஒவ்வொரு வால்வும் 33 கோடி தடவைக்கு மேல் தன் ஆசனத்தில் வந்து அமர்ந்திருக்கும். இத்தனை மோதலின் பின் அளவு மாறாதிருத்தல் அரிது.

அம்மாற்றம் இரு திசைகளில் நிகழ்கின்றது. கேம், டப்பட், தள்ளுகோல் முனைகள், றொக்கர் ஆகியன தேய்ந்தால் இடைவெளி கூடும். வால்வு பிந்தித் திறந்து முந்தி மூடும். அதன் உயர்வும் குறையும். ஓசை மிகும், உள்ளெடுக்கும் காற்றுக் குறைந்தால் பாரம் இழுக்கையிற் கரும்புகை தோன்றும். மாறாக, வால்வின் முகமும் ஆசனமும் தேய்ந்தால் வால்வு தலையினுள் மேலும் அமிழும். அதன் தண்டு றொக்கரை நோக்கி உயரும், இடைவெளி குறையும். ஓசையும் குறையும்.

ஆபத்து மிக்கது இவ்விரண்டாம் வகையே. வால்வு தான் பெற்ற வெப்பத்தின் பெரும்பகுதியை ஆசனத்தில் அமர்ந்திருக்கும் வேளையிலேயே சிலிண்டர்த் தலைக்குக் கடத்துகின்றது. இடைவெளி அற்றுப்போனால், சூடேறிய வால்வு முழுமையாக அமராது. வெப்பம் செல்லும் வழி தடைப்படும். அதே வேளை உயர் அமுக்க வாயு அச்சிறு வெடிப்பினூடாகப் பீறிட்டு வால்வின் விளிம்பை அரிக்கும். டீசல் எஞ்சின் அமுக்கத்தால் எழும் வெப்பத்தைக் கொண்டே எரிபொருளைப் பற்றவைப்பதால், அமுக்கம் கசியவே காலையில் இயக்குதல் கடினமாகும், வெண்புகை தோன்றும். இறுதியிற் சிலிண்டர்த் தலையையே கழற்ற நேரிடும். லொறியொன்றையே சீவனோபாயமாகக் கொண்ட குடும்பத்துக்கு இது சிறிய இழப்பன்று.

சீராக்கும் முறை

எஞ்சின் நன்கு குளிர்ந்திருத்தல் வேண்டும். மூடிகளை அகற்றிக் கிறாங்குத் தண்டைக் கையாற் சுழற்றி, முதலாம் சிலிண்டரின் முசலத்தை அமுக்க அடிப்பின் மேல் உச்சிக்குக் கொணர்தல் வேண்டும். இவ்வெஞ்சினின் தகன ஒழுங்கு 1-5-3-6-2-4 ஆதலின், முதலாவதன் இணை ஆறாவதாகும். ஆறாம் சிலிண்டரில் ஒரு வால்வு மூட மற்றது திறக்கத் தொடங்கும் கணமே முதலாவதன் சரியான நிலை. அந்நிலையில் 1, 2, 4 ஆகியவற்றின் உள்ளெடுத்தல் வால்வுகளையும் 1, 3, 5 ஆகியவற்றின் வெளியேற்றல் வால்வுகளையும் சீராக்கலாம். பின்னர் ஒரு முழுச் சுழற்சி கொடுத்து, 3, 5, 6 இன் உள்ளெடுத்தல் வால்வுகளையும் 2, 4, 6 இன் வெளியேற்றல் வால்வுகளையும் சீராக்குதல் வேண்டும்.

பீலர் கேஜ் எனப்படும் இடைவெளித் தகடு சிறு தடையுடன் வழுக்கிச் செல்வதே உரிய அளவு. பூட்டுச் சுரையை இறுக்கும்போது திருகாணி சற்றே திரும்பக்கூடும் ஆகையால், இறுக்கிய பின் மறுபடி அளத்தல் இன்றியமையாதது.

பழைய எஞ்சினில் இத்தகடே பொய் கூறும் இடமொன்றுண்டு. வால்வுத் தண்டு இடித்து இடித்து றொக்கர் முனையில் ஒரு குழி விழுந்திருக்கும். தட்டையான தகடு அக்குழியின் விளிம்புகளிற் பாலம்போல் தங்கிவிடும். தகடு 0.51 எனக் காட்டுகையில் மெய்யான இடைவெளி அதனினும் மிகையாயிருக்கும், ஓசையும் தொடரும். அவ்வோசையைப் பொறாது, காதையே அளவுகோலாகக் கொண்டு மேலும் இறுக்குவோர் உளர். குழி விழுந்த றொக்கரைச் செப்பனிடுவதோ மாற்றுவதோ தான் இதற்குரிய பரிகாரம்.

எழுதி வைத்தலின் பயன்

திருகாணியைத் தொடுமுன் பன்னிரண்டு வால்வுகளினதும் இடைவெளிகளை அளந்து குறித்துக்கொள்ளுதல் நன்று. வேலை முடிந்தபின் எல்லா அளவுகளும் ஒன்றுபோலாகிவிடும்; எஞ்சின் கூறவந்த செய்தி அத்துடன் அழிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் ஒரே வெளியேற்றல் வால்வின் இடைவெளி குறைந்திருப்பின், அதன் ஆசனம் அமிழ்கின்றதென அறியலாம். ஏனையவை மாறாதிருக்க ஒன்று மட்டும் விரைவாகக் கூடுமாயின், அதற்குரிய கேமையும் டப்பட்டையும் ஐயுறவேண்டும். எல்லாம் சிறிது சிறிதாகக் கூடியிருப்பின் அது இயல்பான முதுமையே.

ஆகவே, தட்டும் ஓசை தன் குறையைத் தானே வெளியிடுகின்றது. குறுகும் இடைவெளியோ எவர் செவிக்கும் எட்டாது தன் வேலையைச் செய்கின்றது. எஞ்சின் அமைதியாக ஓடுகின்றதென்பது அளவெடுப்பைத் தள்ளிப்போடுவதற்கு ஏற்ற காரணமாகாது. நெடுந்தூரம் உழைத்த எஞ்சினை மேலும் உழைக்கச் செய்ய விரும்புவோர், ஓர் இடைவெளித் தகட்டுடன் ஒரு சிறு குறிப்பேட்டையும் கைவசம் வைத்திருத்தல் வேண்டும் என்பதே எமது முடிபாகும்.