புரொஜெக்டரை எங்கே வைப்பது?

கேமரா நகர்ந்துகொண்டே இருக்கும்போது கோபுரத்தின் குறுக்கே போகும் மின்கம்பியை சினிமாவில் எப்படி அழிக்கிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஒரே ஒரு ஃப்ரேமில் கம்பியை வரைந்து மறைக்கிறார்கள். அந்தப் படத்தை, நியூக் போன்ற மென்பொருளுக்குள் நிற்கும் முப்பரிமாணக் கோபுரத்தின் மேல் ஏற்றுகிறார்கள். எப்படி ஏற்றுவது என்பதில்தான் சூட்சுமம்: ஒட்டலாம், பாய்ச்சலாம்.

ஒட்டுவது யூவி முறை. தட்டையான துணியை வெட்டி அம்மா ரவிக்கை தைப்பார். உடம்பின் வளைவுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். உருவத்தின் தோலை அப்படி விரித்து, வண்ணம் தீட்டி, திரும்பப் போர்த்துகிறார்கள். ஓடும் குதிரைக்கு இதுதான் சரி. ஆனால் நாள் பிடிக்கும்.

பாய்ச்சுவது கேமரா புரொஜெக்‌ஷன். இதில் ஒரு விந்தை உண்டு. சிறுவயதில் சித்தப்பா ஸ்லைடு புரொஜெக்டரில் குடும்பப் படங்கள் காட்டுவார். படம் பாதி சுவரிலும் பாதி பீரோவிலும் விழும். லென்ஸை ஒட்டித் தலையை வைத்திருந்த எனக்குப் பாட்டியின் முகம் முழுசாகத் தெரிந்தது. அறை மூலையில் இருந்த தங்கைக்கு மூக்கு ஒடிந்து தெரிந்தது. கணினியிலும் இதே கதைதான். பாய்ச்சும் இடத்திலிருந்து பார்த்தால், உருவம் வெறும் பெட்டியாக இருந்தாலும் படம் பிசகாது. விலகினால்தான் பக்கச் சுவரில் வண்ணம் கோடுகோடாக இழுபடும். முன்னால் நிற்கும் தூண் பின்சுவரிலும் பதிந்திருக்கும்.

பால் டெபெவெக் குழு 1997இல் பெர்க்லி பல்கலைக்கழக மணிக்கூண்டைப் பட்டத்தில் கேமரா கட்டியும் படமெடுத்து, எளிய முப்பரிமாண உருவங்களின் மேல் அந்தப் படங்களைப் பாய்ச்சியது. கட்டடத்தைச் சுற்றிப் பறப்பது போன்ற குறும்படம் பிறந்தது. 1999இல் வந்த 'தி மேட்ரிக்ஸ்' படத்தில் தோட்டாக்கள் மெல்ல நகரும் காட்சிகளின் பின்னணிக்கு அந்த வழிதான் கைகொடுத்தது.

கேமரா ஓரடி மட்டும் நகரும் ஷாட்டுக்கு 'கார்டு' எனப்படும் ஒரு தட்டைப் பரப்பின் மேல் பாய்ச்சினாலே பெரும்பாலும் போதும். அதற்கே யூவி விரித்து இளம் கலைஞர்கள் இரவெல்லாம் கண்விழிப்பதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். இன்னொரு சிக்கல்: பல படப்பிடிப்புகளில் எந்த லென்ஸ், கேமரா எத்தனை அடி உயரம் என்று குறித்து வைப்பதில்லை. அதனால் கேமராவின் பாதையைக் கணினியில் திரும்ப அமைக்கும்போது பிசகுகிறது, படம் கோபுரத்தின் மேல் வழுக்குகிறது. பழியோ புரொஜெக்‌ஷன் தலையில். ஒரு நோட்டில் இரண்டு வரி எழுத அரை நிமிடம் ஆகுமா?

வேலையை ஒப்படைக்கும் முன் ஷாட்டின் முதல் ஃப்ரேமையும் கடைசி ஃப்ரேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் மறைந்திருந்த சுவர் கடைசியில் தெரிந்தால், அந்தக் கடைசி ஃப்ரேமில் இன்னொரு புரொஜெக்டரை வையுங்கள்.