வலப்பக்கம் திருப்பினால் கழலும்

வரிச்சிக்குடியில் உப்புக்காற்று எந்த இரும்பையும் விட்டுவைக்காது. படகு எஞ்சினில் நட்டு இறுகிவிட்டால், "அண்ணே, பட்டாளத்துல துப்பாக்கி ரிப்பேர் பாத்தவரு, இதையும் பாருங்க" என்று கொண்டுவருவார்கள். சுத்தியலைக் கீழே வைக்கச் சொல்வதுதான் என் முதல் வேலை.

பட்டாளத்திலும் இப்படி இறுகும் பாகம் ஒன்று உண்டு. ஏ.கே.எம். துப்பாக்கியின் குழல் நுனியில் சாய்வாக வெட்டிய சிறு துண்டு ஒன்று மாட்டியிருக்கும். அதுதான் மசில் பிரேக். ரவையைத் தொடர்ந்து பாயும் வாயு அதன் உதட்டில் மோதி, மேலே எம்பும் முனையைக் கீழே அமுக்கும். 1966-இல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் 'வித்வன்சக்' போன்ற பெரிய ரகத்துக்கு அது இல்லாவிட்டால் தோள் தாங்காது.

சுட்ட கரி மசில் பிரேக்கின் மரைக்குள் புகுந்து சூட்டில் கெட்டியாகிவிடும். பழைய ரக ரவையின் பிரைமர் விட்டுச்செல்லும் பொட்டாசியம் குளோரைடு இன்னும் மோசம். அதுவும் உப்புதான், காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். எண்ணெயில் கரையாது, வெந்நீரில் கரையும்.

கழற்றுமுன் மேகசினை எடுத்துவிட்டு, அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். இதில் சீனியர், ஜூனியர் கிடையாது. பிறகு துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுவோம். குழலை மரக்கட்டை வைத்து வைஸில் பிடிப்போம். உடலைப் பிடித்துத் திருகினால் குழல் பொருத்தமே முறுக்கிக்கொள்ளும். மசில் பிரேக்கைச் சுழலாமல் பிடித்திருக்கும் பூட்டுமுள்ளை அமுக்கியபடி அதை வலப்பக்கம் திருப்ப வேண்டும். இடமரை என்பதை மறந்து இடப்பக்கம் நெம்பும் புதுப்பையன்கள் அதை மேலும் இறுக்குவார்கள். அப்புறம் எங்களிடம்தான் வரும்.